மரத்த விரல்களுக்கு ஒரு சாணைக்கல்

ரத்தத்தை முதலில் பார்த்தது நான்தான். அவருக்குத் தெரியவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். என் கணவர் அடுக்களை மேடையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் இருக்கும் மகள் முந்தின நாள் போனில் சொன்ன எதையோ பற்றிப் பேச்சு. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தபடி நறுக்கிக்கொண்டே இருந்தார். வெள்ளை வில்லைகளில் நாலைந்து சிவந்திருந்தன. பீட்ரூட்டையும் சேர்த்து நறுக்குகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அன்று வீட்டில் பீட்ரூட் இல்லை.

"ஏங்க, கையைப் பாருங்க!"

இடது கையைத் தூக்கிப் பார்த்தார். சுட்டுவிரல் நுனி நகத்தை ஒட்டிப் பிளந்திருந்தது. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. அவர் முகத்தில் வலி இல்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"எப்ப வெட்டினேன்?" என்று என்னிடம் கேட்டார்.

அப்போது அவருக்குக் கீமோ முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. குடலில் வந்த கட்டியை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கொடுத்த மருந்துதான் விரல்களை மரக்கச் செய்தது. முதலில் ஃப்ரிட்ஜைத் தொட்டால் ஊசி குத்துவது போல இருக்கிறது என்றார். அப்புறம் சட்டைப் பொத்தான் தட்டுப்படவில்லை என்றார். மருந்து நின்ற பிறகு ஊசி குத்துவது நின்றது, உணர்வும் கூடவே போயிற்று. "திரும்பி வரலாம். மெதுவாக வரும். வராமலும் போகலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் சமையல் அவருடையது. என் வங்கி வேலைக்காகத்தான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் கல்கத்தா வந்தோம். அவர் வீட்டிலிருந்தபடியே இரண்டு மூன்று கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்தார், கூடவே அடுக்களையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்றால், நான் உள்ளே போய் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தால் கண்டுபிடித்துவிடுவார். பீன்ஸை அவர் நறுக்கினால் எல்லாத் துண்டும் ஒரே அளவு. கல்கத்தாவின் டாக்குரியாப் பகுதியில் எங்கள் மாடிக்குக் கீழே இருக்கும் அண்ணி, வங்காளத்தில் பௌதி, தன் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிச் சொல்லியே சண்டை போடுவார்.

அன்று விரலில் நாலு தையல். மறுநாள் அவர் குளிக்கப் போனபோது வீட்டிலிருந்த நாலு கத்திகளையும் ஒரு பழைய புடவையில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் கம்பளிகளுக்குப் பின்னால் வைத்தேன்.

அவர் வந்து கேட்டார். "கத்தியெல்லாம் எங்கே?"

"சாணைக்குக் கொடுத்திருக்கேன். எல்லாமே மழுங்கிப் போச்சு."

யோசித்து வைத்த பொய் இல்லை. வாயில் வந்துவிட்டது. அவர் தலையாட்டினார். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டார். "சாணைக்காரருக்கு உடம்பு சரியில்லையாம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அலுவலகத்திலிருந்து வரும் வழியில் நறுக்கிப் பொட்டலம் கட்டிய காய் வாங்கி வந்தேன். சில நாள் பௌதியே நறுக்கிக் கொடுத்தனுப்பினார். என் கணவர் அதைத் தாளித்துக் கொதிக்க வைத்து இறக்கினார். ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுக்களையில் அவருடைய பேச்சு நின்றுவிட்டது. முன்பெல்லாம் நறுக்கிக்கொண்டேதான் பேசுவார். இப்போது பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிவிட்டு, வேகும் வரை ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் கத்தியை எடுத்துக் கொடுக்கவில்லை. விரல் பத்திரமாக இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

டிசம்பரில் குளிர் வந்ததும் அவர் மங்கிகேப் தேடியிருக்கிறார். நான் மாலை வீட்டுக்கு வந்தபோது நாலு கத்திகளும் சாப்பாட்டு மேஜைமேல் வரிசையாக இருந்தன. புடவை மடித்து நாற்காலியில் வைக்கப்பட்டிருந்தது. அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"சாணைக்காரர் நம்ம பீரோவுக்குள்ள குடி வந்துட்டாரா?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்கும்தான் பயம். உன்கிட்ட சொன்னேனே. நீ என்கிட்ட சொல்லலையே." வரிசையில் கோணலாக இருந்த ஒரு கத்தியை நேராக்கி வைத்தார். "ஸ்கூட்டரை வித்துட்டோம். சரி. அடிக்கடி மாடிப்படி ஏற வேண்டாம், கனம் தூக்க வேண்டாம், எல்லாம் சரி. எனக்குன்னு இந்த வீட்டில ஒரு வேலை இருந்துச்சு. அதைக் கேட்காமலே எடுத்து ஒளிச்சு வச்சிருக்கே."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்று சொல்லவில்லை. எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கத்திகள் மேஜைமேலேயே இருந்தன.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போனோம். என் மகளைவிடச் சின்னவள். அவரைக் 'காக்கு', அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவாள். தையல் போட்ட விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எப்படி நடந்தது என்று கேட்டாள். அவர் சொன்னார். நான் கத்தியை ஒளித்து வைத்ததையும் நானே சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை.

"அந்தக் கத்தி கூராக இருந்ததா, காக்கு?"

அவர் யோசித்தார். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த ஒரு வருஷத்தில் யாரும் கத்தியைத் தீட்டவில்லை. "இல்லை. அழுத்தித்தான் நறுக்க வேண்டியிருந்தது."

"மழுங்கிய கத்திதான் வழுக்கும். அழுத்தினால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரல் சொல்ல வேண்டும். உங்கள் விரல் இப்போது சொல்லாது. கூரான கத்தி என்றால் அழுத்தவே வேண்டாம்." பிறகு என்னைப் பார்த்தாள். "கத்தியை ஒளிக்காதீர்கள். தீட்டிக் கொடுங்கள். நல்ல வெளிச்சம், வழுக்காத பலகை, இடது கைக்கு வெட்டுப்படாத கையுறை. நறுக்கும்போது கண் கத்தியில் இருக்க வேண்டும். பேச்சு வேண்டாம்."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவர் முகம் கொஞ்சம் வாடியது. பேசாமல் நறுக்குவது அவருக்குத் தண்டனை.

அப்படித்தான் எங்கள் வீட்டில் கத்தி தீட்டும் பிரச்சினை ஆரம்பித்தது. முதலில் அது ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். தெருவில் சைக்கிளில் சக்கரம் கட்டிக்கொண்டு சாணைக்காரர் வருவார். ஒரு கத்தியை அவரிடம் கொடுத்தோம். பொறி பறக்கத் தீட்டினார். இரண்டு நாள் நன்றாக வெட்டியது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. பிறகு மூன்று வாரம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. "கூர் போற அன்னிக்கே தீட்டணும். அவர் வர்ற அன்னிக்கு இல்ல" என்றார் என் கணவர். வீட்டிலேயே ஏதாவது வேண்டும் என்று முடிவாயிற்று.

பௌதி தன் வீட்டுப் 'போட்டி'யைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். பெயர்தான் வங்காளம், நம் அரிவாள்மனையேதான். பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, நிமிர்ந்து நிற்கும் அலகில் காயைத் தள்ளி நறுக்குவது. "தாதா" என்று அண்ணனைக் கூப்பிடுவது போல அவரைக் கூப்பிட்டு, "இதில் இரண்டு கையும் காயில்தானே இருக்கும், கத்தி அசையாது" என்றார். அன்போடு கொண்டுவந்ததை எப்படி வேண்டாம் என்பது? என் கணவர்தான் தன் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். "பௌதி, இந்த விரல் எங்கே முடியுதுன்னே எனக்குத் தெரியல. இதைப் போய் கத்தியை நோக்கித் தள்ளச் சொல்றீங்களே." பௌதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்துப் போனார்.

கடியாஹாட்டில் ஒரு பாத்திரக்கடையில் கைப்பிடி வைத்த சின்ன சாதனம் ஒன்று வாங்கினோம். வி வடிவப் பள்ளத்தில் கத்தியை வைத்து நாலு தடவை இழுத்தால் போதும் என்றார் கடைக்காரர். இழுத்ததும் தக்காளித் தோல் சரக்கென்று வெட்டுப்பட்டது. எனக்கு நிம்மதி. ஆனால் ஒரு வாரத்தில் கத்தி ரம்பம் போலக் கடிக்க ஆரம்பித்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தோம். கூர் ஓரம் முழுக்கக் குதறினாற்போல இருந்தது. நேராக இழுக்கிறோமா, சாய்த்து இழுக்கிறோமா என்பது அவர் கைக்குத் தெரியவில்லை. நான் இழுத்துக் கொடுத்தபோதும் பெரிதாக மாற்றம் இல்லை. உலோகத்தைச் சுரண்டி எடுப்பதுதான் அதன் வேலை என்று தோன்றியது.

அதே கடையில் மின்சார மெஷினும் இருந்தது. ஓட்டிக் காட்டச் சொன்னோம். கடைக்காரர் கத்தியை என் கணவர் கையில் கொடுத்தார். மெஷின் அலறியது. அவர் உடனே கையை எடுத்துவிட்டார். "அது பிடிச்சு இழுக்குதா, நான் தள்றேனான்னு புரியல" என்றார். அதற்குமேல் அவரை வற்புறுத்த எனக்கு மனம் இல்லை.

அதன் பிறகு வந்தது கல். செங்கல் போல ஒரு சாணைக்கல், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. தண்ணீரில் ஊறவைத்து, ஒரே சாய்வில் கத்தியைத் தேய்க்க வேண்டும். அவருக்கு அதுதான் பிடித்தது. சத்தமில்லை, அவசரமில்லை. பால்கனி மேஜையில் ஈரத்துணி விரித்து, மேலே கல்லை வைத்து, காலை வெயிலில் உட்கார்ந்து தேய்ப்பார். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டார். ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்தால் மறுபக்க ஓரத்தில் பிசிறு எழும்பும், மெல்லிய இரும்புப் பிசிறு. அது முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கட்டைவிரலால் முதுகிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவிப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் அவர் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். பிறகு கத்தியைக் கல்மேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் ஈரக்கையோடு போனேன்.

"இதுல பிசிறு இருக்கா பாரு."

"பிசிறுன்னா எப்படி இருக்கும்?"

"சட்டைக் காலர் ஓரத்துல நூல் பிரிஞ்சா இருக்குமே, அந்த மாதிரி. குறுக்கே வெளிப்பக்கமாத் தடவு. நீளவாக்கில தடவினா வெட்டிடும்."

தடவினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவையில் விரலில் ஏதோ லேசாக உரசியது. கைப்பிடிப் பக்கம் இருந்தது, நுனியை நெருங்கும்போது இல்லை. சொன்னேன். அவர் நுனிப் பக்கத்தை இன்னும் பத்துத் தடவை தேய்த்தார். "இப்ப?" தடவினேன். "வந்துடுச்சு." அவர் கத்தியைத் திருப்பினார்.

அந்தக் குளிர்காலத்தில் எத்தனையோ காலைகள் அப்படிப் போயின. அவர் தேய்ப்பார், நான் தடவிப் பார்த்துச் சொல்வேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஒரு வேலையை இரண்டு பேரும் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்து செய்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. பீரோவில் ஒளித்த பாவத்துக்குப் பரிகாரம் போலவும் இருந்தது. கத்திகளும் ஓரளவு கூராயின. ஓரளவுதான். அவர் கை சாய்வைத் தவறவிட்டது. ஒரு தேய்ப்பு சரியாக விழுந்தால் அடுத்தது நிமிர்ந்துவிடும். விரலுக்கு அழுத்தம் தெரிந்தால்தான் சாய்வு நிலைக்கும்.

ஒரு நாள் அலுவலகத்தில் தணிக்கை. நான் ஏழரைக்கே கிளம்பிவிட்டேன். மாலை வந்தபோது கல் பால்கனியில் காய்ந்து கிடந்தது, கத்தி பக்கத்தில் இருந்தது. ஒரு பக்கம் தேய்த்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறார்.

"பௌதியைக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "இன்னொருத்தர் விரல் வந்தாத்தான் என் வேலை நடக்கும்னா அது எப்படி என் வேலை?"

எனக்குச் சுருக்கென்றது. நான் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஒவ்வொரு காலையும் கையேந்திக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த வார இறுதியில் இருவரும் சேர்ந்து தேடினோம். கத்தியை ஒரு கிளாம்பில் இறுக்கிவிட, கல்லைக் கம்பியின் நுனியில் பொருத்தி, கம்பியை முன்னும் பின்னும் ஓட்டும் சாதனம் ஒன்று இருப்பது தெரிந்தது. சாய்வைத் திருகு வைத்து ஒரு முறை நிறுத்திவிட்டால் போதும், கை நடுங்கினாலும் மரத்தாலும் கல் அந்தச் சாய்விலேயே போகும். அவர் திரையை நெருங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அதில் இரண்டு வகை இருந்தன. ஒன்று பிளாஸ்டிக் உடம்பும் சின்னக் கற்களுமாக இருந்தது. மற்றது கனத்த இரும்பு அடிப்பலகை, நீளமான வைரக்கற்கள். வீட்டு உபயோகத்துக்குக் கற்கள் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைக்கும் என்று போட்டிருந்தது.

"சின்னது போதும்" என்றார்.

"அதுல கிளாம்ப் ஆடுதுன்னு எழுதியிருக்காங்களே. ஆடினா மறுபடியும் சாய்வு மாறும்."

"பரவாயில்ல. நமக்கு எதுக்குப் பன்னிரண்டு வருஷம் உழைக்கிற கல்லு?"

நமக்கு என்றுதான் சொன்னார். எனக்குத் தன்னைச் சொல்கிறார் என்று கேட்டது. வியாதி வந்த நாளிலிருந்து அவர் தனக்கென்று எதுவும் வாங்கவில்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. செருப்பு தேய்ந்திருந்தது. கண்ணாடிக்குப் புது நம்பர் எழுதி வாங்கியும் போடவில்லை. துர்கா பூஜைக்குப் பௌதி வீட்டில் கொடுத்த குர்தாகூட உறை பிரிக்காமல் இருந்தது. நான் அதையெல்லாம் சோர்வு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று வாழும் மனுஷன் ஆறு மாதத்துக்கு மேல் எதையும் நினைக்கப் பயந்திருக்கிறார்.

"பெரிசையே வாங்கலாம்" என்றேன்.

"வீணாப் போயிடுமே."

"போகட்டும். உங்களுக்கு அப்புறம் நான் தீட்டிக்கிறேன்."

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் தோன்றியது. வீட்டில் ஒன்றரை வருஷமாக யாரும் சொல்லாத வார்த்தை. மகள்கூட அந்தப் பக்கம் பேச்சைக் கொண்டுபோக மாட்டாள். அவர் என்னையே பார்த்தார். பிறகு அவர் தோள் லேசாகத் தளர்ந்தது.

"நீயா? உனக்கு ஒழுங்கா வெங்காயம் நறுக்கத் தெரியாது" என்றார்.

"அதனாலதான் சொல்றேன். சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க."

இரண்டு பேரும் அழுதோம். ரொம்ப நேரம் இல்லை. வாசலில் தண்ணீர்க் கேன் கொண்டுவந்தவர் மணி அடித்தார், நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தேன். திரும்பி வந்தபோது அவர் பெரியதைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். பொத்தானை மட்டும் என்னை அழுத்தச் சொன்னார். தொடுதிரையும் அவர் விரலுக்குச் சரியாக வசப்படுவதில்லை.

நாலு நாளில் வந்தது. கனமான பெட்டி, பௌதியின் வீட்டுக்காரர்தான் மேலே தூக்கி வந்தார். கிளாம்பைத் திருகுவது முதல் தடவை அவருக்குக் கஷ்டமாக இருந்தது. திருகின் தலையில் பழைய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகித் தடிமனாக்கிக்கொண்டார். கத்தி கெட்டியாக நின்றது. கம்பி ஓடியது. கல் போன தடத்திலேயே போயிற்று. பிசிறு பார்ப்பதற்கும் அவரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். காதுக்கு வைக்கும் பஞ்சை எடுத்துக் கூர் ஓரத்தின்மேல் லேசாக இழுத்தார். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொண்டு வெள்ளையாக நின்றது. கண்ணால் பார்த்துவிடலாம். யாரையும் கூப்பிட வேண்டாம்.

நான் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான். கூடவே ஒரு சின்ன வெறுமையும் இருந்தது. என் கட்டைவிரலுக்கு இனி அங்கே வேலை இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாதத்தின் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைகளில், எனக்கு வங்கி விடுமுறை நாளில், அவர் பெட்டியைத் திறப்பார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். உதவிக்கு இல்லை, கற்றுக்கொள்ள. சாய்வு எவ்வளவு, எந்தக் கல்லுக்குப் பிறகு எந்தக் கல், எப்போது நிறுத்துவது என்று சொல்வார். என் முறை வரும்போது அவர் பஞ்சை இழுத்துப் பார்த்து "இன்னும் வரல" என்பார். செய்தித்தாளை நிறுத்திப் பிடித்து மேலிருந்து கத்தியை விட்டால் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிய வேண்டும். நான் தீட்டிய கத்தி மூன்றாவது மாதத்தில்தான் அப்படி வெட்டியது. அவர் கிழிந்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார்.

சமையலில் எல்லாமே சரியாகிவிடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு நறுக்குவது அவருக்கு எரிச்சல். பீன்ஸ் துண்டுகள் முன்போல ஒரே அளவாக வருவதில்லை. பேசாமல் நறுக்கப் பழகினார். பேச வேண்டுமென்றால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார். அதனால் சமையல் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

போன மாதம் டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேன் சுத்தமாக இருந்தது. என் கணவர் விரல்களைப் பற்றிக் கேட்டார். டாக்டர் மருந்து நின்று எவ்வளவு காலம் ஆயிற்று என்று பார்த்துவிட்டு, வர வேண்டியது வந்திருக்கும், இனி பெரிதாக மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம் என்று நேராகச் சொன்னார். வலது கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் உணர்வு ஓரளவு திரும்பியிருந்தது. இடது கை அப்படியேதான்.

"சரி" என்றார் என் கணவர். வெளியே வந்து டாக்சிக்கு நிற்கும்போது இன்னொரு முறை, யாருக்கோ பதில் சொல்வது போல, "சரி" என்றார்.

வீட்டுக்குப் போகும் முன் மார்க்கெட்டில் இறங்கிக்கொண்டோம். அவர் புடலங்காய் வாங்கினார். விரலால் அழுத்திப் பார்க்க முடியாததால் காய்க்காரரிடம் ஒன்றை ஒடித்துக் காட்டச் சொன்னார். படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறினோம்.

அவர் அடுக்களைக்குள் போனார். நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். பலகையில் கத்தி விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மெதுவாக, ஒரே சீராக. ஒவ்வொரு சத்தத்துக்கும் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் வாசலில் நிற்க வேண்டும் போல இருந்தது. போகவில்லை. ஒரு பக்கம் படித்தேன், பிறகு அடுத்த பக்கம். எப்போது கேட்பதை விட்டேன் என்று தெரியவில்லை. "சாப்பிட வா" என்று அவர் கூப்பிட்டபோதுதான் தலையைத் தூக்கினேன்.